உலகப் பட்டியலும் ஒரு சிவப்புச் சீலையும்

சிலாபம் ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுக்க வந்த தாதி, பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து என் முழங்கையின் உட்புறம் தேய்த்தாள். பக்கத்துக் கதிரையில் இருந்த பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு அது ஊசியின் மணம். எனக்கு இறாலின் மணம். கண்ணை மூடியதும் களப்புக் காற்று உள்ளே வந்தது. அதன் பின்னால் கண்ணாடிக் குப்பிகள் வந்தன. குப்பிகளுக்குள் வெளுத்துச் சுருண்டு, கண்ணிமை மயிரளவே ஆன இறால் குஞ்சுகள்.

கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. ருக்ஷான். ஆய்வு நிலையத்தில் நான் விட்டுவந்த தொழில்நுட்ப அலுவலர் வேலையை இப்போது பார்ப்பவர். எங்கள் பல்கலைக்கழகத்தின் பெயர் இந்த முறை உலகத் தரவரிசைப் பட்டியலில் வந்துவிட்டதாம். அடியில்தானாம், தனி இலக்கம்கூட இல்லையாம், இதிலிருந்து இதுவரை என்று கும்பலாகப் போடுகிற இடத்திலாம். ஆனாலும் வந்துவிட்டதாம். வாசலில் பதாகை கட்டுகிறார்களாம். நிலையம் வெளியிடும் சிறப்பு மலருக்கு நான் ஏதாவது எழுதித் தர வேண்டுமாம்.

"மிஸ், இங்க ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு நிக்கிறாங்கள். ஒரு கட்சி, இந்த லிஸ்ட் வெறும் பம்மாத்து எண்டு. மற்றக் கட்சி, இது இல்லாட்டி எங்கட சின்ன நாட்ட ஒருத்தனும் திரும்பிப் பாக்க மாட்டான் எண்டு. நீங்க ரெண்டையும் பாத்த ஆள்தானே."

பார்த்த ஆள்தான். அதுதான் பிரச்சினை. ஒரு பக்கத்தை மட்டும் பார்த்திருந்தால் அரைப் பக்கத்தில் எழுதி முடித்திருப்பேன்.

நான் வேலைக்கு வந்த கதையைச் சுருக்கிவிடுகிறேன். உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்தேன், பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதவில்லை. டிப்ளோமா ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதே பல்கலைக்கழகத்துக்குப் பின்கதவால் நுழைந்தேன். போத்தல் கழுவினேன், பிறகு போத்தல் நிரப்பினேன், பிறகு போத்தலுக்குள் இருப்பதைப் படிக்கப் பழகினேன். புத்தளம் களப்பின் ஓரத்தில், தெருவுக்கும் உப்புத் தண்ணீருக்கும் நடுவே, இரண்டு அஸ்பெஸ்டஸ் கூரைக் கட்டடங்கள்: அதுதான் நிலையம். சுற்றிவர இறால் குளங்கள். குளக்காரர்களில் பாதிப்பேர் தொண்ணூறில் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்த முஸ்லிம்கள். கையில் கொண்டுவர முடிந்தது கொஞ்சம், தலையில் கொண்டுவந்தது நிறைய. கொரோனா வந்த பிறகுதான் நாடே பிசிஆர் என்ற சொல்லைப் படித்தது. எங்கள் பக்கத்து இறால்காரர்கள் அதற்கு முன்பே அதை வாப்பா, உம்மா போலச் சரளமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஏனென்றால், வெள்ளைப்புள்ளி நோய். அது ஒரு குளத்தில் இறங்கினால் வாய்க்கால் வழியே அடுத்த குளத்துக்குப் போகும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பருவத்து இறால் முழுக்கச் செத்து மிதந்துவிடும். ஆகவே வட்டாரத்துக்கு வட்டாரம் குஞ்சு விட ஒரு காலம் குறித்திருந்தார்கள். அந்தக் காலத்துக்குள், பரிசோதித்த குஞ்சுகளை மட்டுமே விடலாம். காலம் தப்பினால் குளம் வெறுமையாகக் கிடக்கும், அடுத்த முறை வரும்வரை வெயில் குடித்துக்கொண்டு.

அந்தப் பரிசோதனை எங்கள் கையில் இருந்தது. விடியப்புறம் ஒட்சிசன் அடைத்த பொலித்தீன் பைகளில் குஞ்சு வரும். வெள்ளைப் பேசினில் ஊற்றி, தண்ணீரைக் கையால் ஒரு சுழற்றுச் சுழற்ற வேண்டும். திடமான குஞ்சு சுழலை எதிர்த்து ஓரத்தில் நீந்தும். தளர்ந்தது நடுவில் குவியும். நாங்கள் நடுவிலிருந்து எடுப்போம். நோய் முதலில் இருக்கும் இடம் அதுதான். பிறகு ஊசி முனையால் கண்களை நீக்க வேண்டும். இறாலின் கண்ணில் இருக்கும் கருமை பிசிஆர் மெஷினைக் குழப்பிவிடும். அரைத்து, பிரித்து, மெஷினில் வைத்து, ஜெல்லிப் பாளமொன்றில் ஓடவிட்டு, ஊதா ஒளியில் பார்த்தால், நோய் இருக்கும் இடத்தில் ஒரு கோடு ஒளிரும். ஒரு மெல்லிய கோடு. மின்மினி வயிற்றைத் தேய்த்துவிட்ட மாதிரி.

அதைப் படிப்பதற்குப் பேராசிரியர் சோமதிலக ஒரு விதி வைத்திருந்தார். நிலையத்தின் தலைவர் அவர். இரண்டு பேர் தனித்தனியே பார்க்க வேண்டும். பார்த்ததை ஆளுக்கொரு துண்டில் எழுத வேண்டும். எழுதி முடிக்கும்வரை முகத்தைக்கூட ஒருவருக்கொருவர் காட்டக்கூடாது. "ரெண்டு கண்ணு பொய் சொல்லும். நாலு கண்ணு வெக்கப்படும்" என்பார். நல்ல செய்தியைக் கதிரையில் இருந்து சொல்லுவார். கெட்ட செய்தியை எழுந்து நின்று, சுவர் மணிக்கூட்டைப் பார்த்துச் சொல்லுவார். மனம் சரியில்லாத நாளில் யாரோடும் கதைக்காமல் கண்ணாடிக் குழாய்களைக் கழுவுவார். எங்களுக்குக் கழுவ ஒன்றுமே மிஞ்சாத நாட்கள் உண்டு.

அவர் சிங்களவர். தமிழைக் குளக்கட்டுகளில் படித்தவர். அதனால் வாயில் வருவது முழுக்க மன்னார் முஸ்லிம்களின் தமிழ். ஒருமுறை பீடக் கூட்டத்தில் யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் ஒருவரிடம், அண்ணன் என்று கூப்பிடுகிற நினைப்பில், "என்ன காக்கா சொகமா" என்று கேட்டு, அந்த மனிதர் தேநீரைச் சிந்தியதாகக் கதை.

இன்னொரு விதியும் அவர் வைத்ததுதான். நோய் வந்த குளக்காரன் அதை மறைத்து, தண்ணீரை வாய்க்காலில் திறந்துவிட்டால் எல்லாருக்கும் அழிவு. ஆகவே குளத்தில் சாவு கண்டால், குளக்கட்டில் ஒரு கமுகங்கம்பை நட்டு அதில் சிவப்புச் சீலை கட்ட வேண்டும். பார்த்தவர் எவரும் அந்த வாய்க்காலில் தண்ணீர் எடுக்கமாட்டார். பரிசோதனை முடிவு வரும்வரை சீலையை யாரும் அவிழ்க்கக்கூடாது. முதலில் யாரும் கட்டவில்லை. நோயுள்ள குமர்ப்பிள்ளையைக் கட்டிக்கொடுக்கப் பார்க்கிறவன் ஊருக்குள் பறை அடிப்பானா என்று கேட்டார்கள். முதலில் கட்டியவர் நிஸ்தார் நானா. அவருடைய குளம் போனது. பக்கத்துக் குளங்கள் தப்பின. அதற்குப் பிறகு சீலை கட்டுவது அந்தக் கரையில் மானமுள்ள காரியமாகிவிட்டது.

நிஸ்தார் நானாவின் மகள்தான் ஷிபானா. எங்கள் பல்கலைக்கழகத்தில் நீருயிரினவளம் படித்து, முதல் வகுப்பில் தேறி, எங்கள் நிலையத்துக்கே ஆய்வு உதவியாளராக வந்தவள். குளிர்பெட்டியைத் திறந்தால் எந்தக் குப்பி எங்கே என்று கையே அறியும். கதை குறைவு. கேள்வி அதிகம்.

ஒருநாள் அவள் என்னைக் கணினியடிக்குக் கூப்பிட்டாள். வெளிநாட்டில் மேற்படிப்புக்கு ஒரு புலமைப்பரிசில். பெயர், பிறந்த திகதி எல்லாம் நிரப்பிவிட்டாள். எந்தப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றீர் என்ற கேள்வியில் ஒரு சிறிய சாளரம் திறந்தது. உலகத்துப் பல்கலைக்கழகங்கள் வரிசையாக உள்ளே நின்றன. அதில் ஒன்றைத் தொட்டால்தான் அடுத்த பக்கம் வரும். எங்களுடையது இல்லை. உலகத் தரவரிசைப் பட்டியலில் வராதவற்றை அவர்கள் அதில் சேர்ப்பதில்லையாம். 'வேறு' என்று ஒரு வரிகூட இல்லை.

"வேற ஏதாவதத் தொட்டா உள்ள போகலாம் மிஸ். ஆனா அது பொய்."

பேராசிரியர் வந்தார். மூக்குக்கண்ணாடியை மாட்டி, அந்த வரிசையை மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே, சந்தைக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளையைத் தேடுகிறவர் போலத் தேடினார். அன்று பின்னேரம் முழுக்கக் குழாய் கழுவினார்.

அன்று பிடித்ததுதான் அவருக்கு அந்தத் தரவரிசைப் பட்டியல் பித்து. அதுவரை அதைப் பார்த்துச் சிரித்தவர். எத்தனை வெளிநாட்டு மாணவர், எத்தனை கட்டுரை, அந்தக் கட்டுரைகளை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்றெல்லாம் கேட்கிறார்களே, எத்தனை குளம் பிழைத்தது என்று கேட்கிறார்களா என்று எங்களோடு சேர்ந்து நையாண்டி செய்தவர். இப்போது சொன்னார்: பெரிய நாட்டில் ஒரு பல்கலைக்கழகம் பட்டியலிலிருந்து விழுந்தால் இன்னொன்று நிற்கும். எங்களுக்கு இருப்பதே விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஒன்று தெரியாமல் போனால் அதில் படித்த பிள்ளைகள் எல்லாரும் தெரியாமல் போகிறார்கள். அந்தச் சின்னச் சாளரத்தை நானும் பார்த்தவள்.

தூர தேசத்து ஆய்வாளர்களோடு சேர்ந்து ஒரு பெரிய வேலை கிடைத்தது. இறாலின் மரபணு பற்றியது, செய்யப்போவது ஷிபானா. உலகம் முழுக்க வாசிக்கக்கூடிய கட்டுரைகளாக வரும். ஆனால் பட்டியல்காரர்களின் அந்த வருடக் கணக்குக்குள் வர வேண்டும். மெஷின் ஒன்றுதான். ஒரு திங்கட்கிழமை அவர் எழுந்து நின்று மணிக்கூட்டைப் பார்த்தார். குளக்காரர்களின் குஞ்சுகளை இனி எடுக்க வேண்டாம் என்றார். வேறு ஆய்வுகூடங்களுக்கு அனுப்பட்டும்.

அனுப்பலாம். முடிவு வர நாளாகும். பைக்குள் இருக்கும் குஞ்சு அவ்வளவு தாங்காது. குஞ்சு விடும் காலமும் அப்போதுதான் திறந்திருந்தது. இதை நான் சொன்னேன். "தெரியும் பிலோ" என்றார், மணிக்கூட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். முதல் மூன்று நாளும் வாசலில் வந்து நின்றவர்களைத் திருப்பி அனுப்பியது நான்தான். யாரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் லேசாக இருந்திருக்கும்.

நாலாம் நாள் காலை பஸ்ஸால் இறங்குகிறேன், நிலையத்தின் வாசலில் கமுகங்கம்பு. அதன் நுனியில் சிவப்புச் சீலை, களப்புக் காற்றில் படபடத்துக்கொண்டு. தெருவுக்கு அந்தப் பக்கம் தென்னை நிழலில் ஐந்தாறு பேர் குந்தியிருந்தார்கள். நிஸ்தார் நானாவின் மடியில் மீன் அடைக்கிற வெள்ளை ரெஜிபோம் பெட்டி. பெட்டிக்குள் பை. பைக்குள் உயிர்.

"என்ன நானா இது?"

"நோய் வந்த இடத்தில கட்டுறதுதானே மிஸ்."

"ஆருக்கு நோய்?"

"அத நாங்க எப்பிடிச் சொல்ற? மெஷின் உங்கள்ட்டத்தானே இரிக்கு."

குந்தியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அப்போது பேராசிரியரின் பழைய கார் வந்தது. கம்பைக் கண்டதும் நின்றது. எஞ்சினை நிறுத்திவிட்டு உள்ளேயே இருந்தார். காற்று சீலையை அடித்தது. நாங்கள் எல்லோரும் ஒரு மனிதர் கார்க் கதவைத் திறப்பதற்காகக் காத்திருந்தோம்.

இறங்கி வந்தார். கம்பை ஒருமுறை ஆட்டிப் பார்த்தார்.

"நிஸ்தார், இத நட்டது ஆரு?"

"நான்தான் சேர்."

"ஹரி" என்று சிங்களத்தில் தலையாட்டினார். "உயரம் சரி. ஆழம் போதாது."

யாரும் சிரிக்கவில்லை. பிறகு அவர் தெருவைக் கடந்து, தென்னை நிழலில், நிஸ்தார் நானாவுக்கு எதிரே தானும் குந்தினார். கெட்ட செய்தியை அவர் குந்தியிருந்து சொன்னதை நான் அன்றுதான் கண்டேன். அந்தச் சாளரத்தைப் பற்றிச் சொன்னார். ஷிபானா கெட்டிக்காரி, ஆனால் அவள் படித்த இடத்தின் பெயர் அங்கே இல்லை, அதனால் அடுத்த பக்கம் திறக்கவில்லை, அந்தப் பெயரைப் போடுவிக்கத்தான் மெஷினை எடுத்தேன் என்றார்.

நிஸ்தார் நானாவுக்கு இது தெரியாது. முகத்தில் அது தெரிந்தது. வெள்ளை மேலங்கியோடு வாசலில் வந்து நின்ற மகளைப் பார்த்தார்.

"ஓமா மகள்?"

"ஓம் வாப்பா."

"என்கிட்ட ஏன் சொல்லல்ல?"

"சொன்னா நீங்க குஞ்சு விடாம நிண்டிருப்பீங்க."

அவர் எழுந்தார். பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். அப்ப நான் போறன் சேர், நீங்க அவட வேலயப் பாருங்க என்று சொல்லிவிட்டு, மற்றக் கையால் கம்பைப் பிடுங்கப் போனார். அந்தப் பருவம் அவருடைய வீட்டுக்கு என்னவென்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். இரண்டு பருவம் தொடர்ந்து நட்டம், குத்தகைக் குளம், இந்த முறையும் குஞ்சு விடாவிட்டால் குளம் கைமாறும். அவர் ஒரு கையில் தன் பருவத்தையும் மறுகையில் கம்பையும் பிடித்துக்கொண்டு நின்றார். மகள் ஓடிவந்து கம்பைப் பிடித்தாள்.

"விடுங்க வாப்பா. முடிவு வராமச் சீலை அவுக்கக்கூடாது." பிறகு பேராசிரியரைப் பார்த்தாள். "சேர், என்ட சாம்பிள் எல்லாம் ஸ்பிரிட்டுல கிடக்கு. அடுத்த மாசமும் அப்பிடியே கிடக்கும். வாப்பாட கையில இருக்கிறது பகலுக்குத் தாங்காது. காலையில இவங்கட வேல. பின்னேரம் என்ட வேல."

"பின்னேரம் மட்டும் எண்டா இந்த வருசக் கணக்குக்குள்ள பேப்பர் வராது."

"தெரியும் சேர்."

"உங்களுக்கும் இன்னும் ஒரு வருசம் போகும். இல்லாட்டி ரெண்டு."

"அதுவும் தெரியும்."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு வழக்கம்போல ஆய்வுகூட வாசலில் செருப்பைக் கழற்றினார். "பிலோ, பேசின எடுங்க" என்றார்.

தண்ணீரைச் சுழற்றினேன். நடுவில் குவிந்தது கொஞ்சம்தான். ஆனால் ஊதா ஒளியில் கோடு இருந்தது, இருக்கிறதா இல்லையா என்று கண்ணைச் சந்தேகிக்கவைக்கும் கோடு. அவர் ஒரு துண்டில் எழுதினார். நான் ஒரு துண்டில் எழுதினேன். இரண்டிலும் 'இருக்கு'. நிஸ்தார் நானா அந்தக் குஞ்சுகளை விடவில்லை. காலம் இன்னும் மூடாததால் வேறொரு குஞ்சுப் பொரிப்பகத்துக்கு ஓடினார். மறுபடி வந்தார். அந்த முறை பாளம் இருட்டாக இருந்தது. எங்கள் தொழிலில் இருட்டுத்தான் நல்ல செய்தி. பேராசிரியர் கதிரையில் அமர்ந்து அதைச் சொன்னார்.

அந்த வருடம் பட்டியலில் நாங்கள் வரவில்லை. மேலிடம் என்ன கேட்டது, அவர் என்ன பதில் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. குழாய்கள் மட்டும் மிகச் சுத்தமாக இருந்தன.

ஷிபானாவின் பின்னேரங்கள் நீண்டன. ஆனால் காலைகள் அவளை மாற்றின. குஞ்சுப் பைகளோடு வருகிறவர்களை நிறுத்திவைத்துக் கேள்வி கேட்கத் தொடங்கினாள். ஒரே வாய்க்காலில் ஒரு குளம் சாக, அடுத்தது ஏன் பிழைத்தது? யார் எப்போது தண்ணீர் எடுத்தார்? சீலை கட்டிய வாய்க்காலும் கட்டாத வாய்க்காலும் எப்படி வேறுபட்டன? மரபணுக் கட்டுரை பிந்தி வந்தது. அதை உலகம் வாசித்தது. அவள் தனியே எழுதிய வாய்க்கால் கட்டுரையை ஒரு சிலர்தான் வாசித்தார்கள். அந்தச் சிலரில் ஒருவர், இறால் வளர்க்கும் இன்னொரு கடற்கரையில் இருக்கும் பேராசிரியை. வா என்று எழுதினார்.

ருக்ஷானின் முதல் கட்சிக்காரர் இந்த இடத்தில் கைதட்டக்கூடும். பார்த்தீர்களா, பட்டியல் இல்லாமலே போனாளே என்று. கொஞ்சம் பொறுங்கள். அங்கேயும் சாளரம் திறந்தது. அங்கேயும் எங்கள் பெயர் இல்லை. எங்கள் பல்கலைக்கழகம் என்று ஒன்று இருக்கிறது, அது நல்ல இடம் என்று அந்தப் பேராசிரியை தனியாகக் கடிதம் எழுதிக் கதவைத் திறக்க வேண்டியிருந்தது. ஷிபானாவுக்கு அப்படி ஒருவர் கிடைத்தார். அவளோடு படித்த எத்தனையோ பேருக்குக் கிடைக்கவில்லை. அவர்களும் கெட்டிக்காரர்கள்தான்.

அதனால் என் பதில் இவ்வளவுதான். பட்டியல் பொய் சொல்லவில்லை. அது கேட்காத கேள்விக்கு அதனால் எப்படிப் பதில் சொல்ல முடியும்? சின்ன நாட்டுக்கு அது ஒரு வாசல். வாசல் முக்கியம். வாசலை மட்டும் கட்டிவிட்டு வீட்டை மறந்தால், உள்ளே வருகிறவனும் வெளியே போகிறவனும் ஒரே வெயிலில்தான் நிற்பார்கள். இந்த வருடம் பெயர் வந்திருக்கிறது. அடுத்து ஒரு பிள்ளை அந்தச் சாளரத்தைத் திறக்கும்போது எங்கள் பெயரைத் தொடும், அடுத்த பக்கம் வரும். அதை நினைத்தால் எனக்கு உண்மையாகவே நெஞ்சு நிறைகிறது. பதாகையின் ஒரு மூலையைப் பிடிக்க நானும் வருகிறேன், முழங்கால் விட்டால். காலையில் மட்டும் கூப்பிடாதீர்கள். காலை குளக்காரர்களுடையது. அந்த ஒழுங்கு இன்றும் அப்படியே நடக்கிறது என்று ருக்ஷான் சொல்கிறார்.

ஷிபானா போன நாளில் பாலாவியில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் வேன். பெட்டியில் பாதி மிளகாய்த்தூளும் மாசிச் சம்பலும். அக்கம்பக்கத்தார் வந்து வந்து, பெரிய கம்பஸா, உலகத்தில எத்தனையாவது என்று நிஸ்தார் நானாவைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. உம்மா அழுதுமுடித்து, பிள்ளை வேனில் ஏறி, கதவு சாத்தும் நேரத்தில் அவர் சாளரத்தருகே வந்து நின்றார்.

"மகள், எல்லாரும் கேக்குறாங்க. அந்தக் கம்பஸ் எத்தனையாம் நம்பர்?"

அவள் இலக்கத்தைச் சொன்னாள். அவர் அதை உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பெரிதா சிறிதா என்று பிடிபட்டதாகத் தெரியவில்லை.

"அங்க இறால் வளக்கிற ஆக்கள் இரிக்காங்களா?"

"இரிக்காங்க வாப்பா. பக்கத்திலதான்."

"அப்ப மொதல்ல அவங்கள்ட்டப் போய்க் கதை."